சூடு போகும் இடம்

முதல் கம்ப்யூட்டரைச் சொந்தமாக வாங்கும்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அந்த வயதில் மற்றவர்கள் மனை வாங்குவார்கள், மகளைக் கல்லூரியில் சேர்ப்பார்கள். எனக்கு மனையும் இல்லை, மகளும் இல்லை. பாலிடெக்னிக் நாட்களில் பிரவுசிங் சென்டர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அடுத்தவன் விளையாடுவதைப் பார்த்தே வளர்ந்த ஆசை மட்டும் மிச்சமிருந்தது. இந்த வயதில் இது தேவையா என்று டிப்போவில் கேட்டார்கள். தேவையில்லைதான். தேவையானதை மட்டும் வாங்கி வாங்கித்தான் இத்தனை வருஷம் ஓடியிருந்தது.

என் பெயர் தயாளன். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி. மனைவி எழிலரசி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வெயில் நாற்பத்தேழு டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு அங்கே வெப்ப வார்டு என்று தனியாகத் திறந்தார்கள், எழிலுக்கு நிரந்தரமாக நைட் டியூட்டி போட்டார்கள். காலை எட்டரைக்கு வருவாள். குளித்து, ஒரு தோசையில் பாதியைத் தின்று, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூங்க வேண்டும். தூங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தூங்குவாள் என்று சொல்லவில்லை. எங்கள் வீடு ஒரே அறை. எனக்கு ஓய்வு கிடைப்பதும் அந்தக் காலை நேரத்தில்தான், அந்த அறையில்தான்.

பகலில் ஏசி போட அப்போது தடை. ஏசி வெளியே தள்ளுகிற சூடு தெருவில் நடப்பவனைக் கொல்கிறது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். ஆகவே சீலிங் ஃபேனும் ஈரத்துண்டும்தான் எங்கள் குளிர்ச்சி. இதற்கிடையில் நான் டிப்போ நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பை இரவல் வாங்கிவந்து ஒரு கார் ரேஸைத் திறந்தேன். அது மிக்சி மாதிரி இரைந்தது. கால் மணி நேரத்தில் அறை இன்னும் இரண்டு டிகிரி ஏறியது. எழில் எழுந்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"நாலு நாளா தூங்கலங்க. நேத்து ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய பக்கத்துப் பெட்டுக்குப் போடப் போனேன். டாக்டர் கையப் பிடிச்சாரு."

அன்றே லேப்டாப்பை, திருப்பிக் கொடுக்கும் வரைக்கும், பரணில் போட்டேன். வாங்கினால் சத்தமும் சூடும் இல்லாத மெஷின் வாங்குவது, இல்லாவிட்டால் ஆசையையும் அந்தப் பரணிலேயே போடுவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் எனக்கு எபநேசர் இருந்தான், நான் எபி என்று கூப்பிடுவேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை, அதில் அவனும் ஒரு ஸ்டூலும் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வெளியே நிற்க வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னதும் அவன் சிரித்தான். கல்யாணத்துக்குப் பெண் தேடும் தரகரிடம் எல்லா நல்ல குணமும் ஒரே ஆளிடம் வேண்டும் என்று கேட்கிற மாமியார் மாதிரி பேசுகிறாய் என்றான்.

இரண்டு வாரம் அவன் கடைக்கு அலைந்தேன். மெஷினின் வெளிக்கூடான கேபினெட்டில் வலை வைத்தது எடுத்தால் காற்று நன்றாகப் போகும், சத்தமும் நன்றாக வெளியே வரும். உள்ளே பஞ்சு ஒட்டியது எடுத்தால் சத்தம் அடங்கும், உள்ளேயே வெந்து போகும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்று, சும்மா இருக்கும்போது அதன் ஃபேன் சுற்றவே சுற்றாது. அதை உடனே எடுத்து வைத்தோம். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், கரகரவென்று அரைக்கும் என்று எபி ஒதுக்கினான். கிராபிக்ஸ் கார்டில்தான் மாட்டிக்கொண்டோம். நான் விளையாட நினைத்த ஆட்டத்துக்கு வேண்டிய கார்டு, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூடு தரும் என்றான். அந்தச் சூட்டை வெளியேற்ற மூன்று ஃபேன். மூன்று ஃபேனுக்குப் பக்கத்தில் எழிலின் தலையணை.

"நீ கேக்கறதுல ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு ஏறும் மச்சி. சத்தத்தக் குறைச்சா சூடு, சூட்டக் குறைச்சா சத்தம். அதுதான் இந்தத் தொழிலே."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தான். உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு சாம்பல் நிறத் தகடு இருந்தது.

"இது ஜோடில ஒண்ணு. ஒரே படிகத்த ரெண்டா அறுத்து எடுக்கறாங்க. இதுல குடுக்கற சூடு அப்படியே இன்னொண்ணுல போய் வெளிய வரும். நடுவுல ஒயர் கிடையாது, பைப் கிடையாது. ஊரு விட்டு ஊரு இருந்தாலும் வரும்."

"அப்ப இது?"

"ஜில்லுனு உக்காந்திருக்கும். ஃபேனே வேணாம். ஃபேன் இல்லன்னா சத்தம் ஏது?"

அந்த இன்னொரு தகடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எபி பெட்டியின் மேலிருந்த நீளமான எண்ணைத் துடைத்தபடியே, அதைத் தகட்டுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சூட்டை வாங்கிக்கொள்ள அவர்கள் இடம் வைத்திருக்கிறார்கள் என்றான். நீ தினம் வாசலில் குப்பை வைக்கிறாய், அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாயா என்றும் கேட்டான். நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் போகவில்லை. கடலோரத்தில் பெரிய கொட்டகை ஒன்று, அதில் வரிசையாகத் தகடுகள், நடுவில் கடல்காற்று என்று நானே ஒரு படம் வரைந்துகொண்டேன்.

ரிச்சி தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷினை ஒரு நாள் முழுக்க மூச்சு முட்ட ஓட்டிப் பார்க்காமல் வாடிக்கையாளர் கையில் கொடுக்க மாட்டார்கள். பர்ன்-இன் என்பார்கள். மட்டமான பாகம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு நாளில் உயிரை விட்டுவிடும். கடையிலேயே விட்டால் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் என் மெஷினைக் கடையில் அப்படி ஓட்ட முடியவில்லை. மெஷின் வாங்குகிறவன் வீட்டில்தான் தகட்டின் முத்திரையை உடைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதனால் எபி எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்து, சோதனை புரோகிராமையும் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போய் இருபத்துநாலு மணி நேரம் நீயே ஓட்டிப் பார், ஏதாவது நின்றுபோனால் தூக்கிக்கொண்டு வா என்றான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முத்திரையை உடைத்து ஓடவிட்டேன். எழில் அப்போதுதான் படுத்திருந்தாள். மெஷின் அவள் தலைமாட்டில் இருந்தது. வேறு இடமில்லை. பச்சை விளக்கு எரியாவிட்டால் அது ஓடுகிறதா என்றே தெரியாது. திரையில் சூட்டைக் காட்டும் எண் இருபத்தொன்பதில் நின்றது. அறையின் சூடு முப்பத்தெட்டு. எங்கள் வீட்டிலேயே குளிர்ந்த பொருள் அந்த கேபினெட்தான். எழில் தூக்கத்தில் கையை நீட்டி உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் நான் அடுத்த வேலையைச் செய்தேன். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். சாதாரண மெஷினில் அதை உயர்த்தினால் சூடு ஏறும், பயந்துபோய் இறக்கிவிடுவோம். இங்கே நான் உயர்த்தினேன், இருபத்தொன்பது. இன்னும் உயர்த்தினேன், இருபத்தொன்பது. வரம்பையே எடுத்துவிட்டேன், முப்பது. ஒரே ஒரு டிகிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தை ஏமாற்றிவிட்டவன் சிரிக்கிற சிரிப்பு அது. அப்படியே விட்டுவிட்டு டிப்போவுக்குப் போனேன்.

அன்று எழில் ஏழு மணி நேரம் தூங்கினாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் பகலில் அவள் அவ்வளவு தூங்கி நான் பார்த்ததில்லை. மாலையில் போன் செய்து, தலை வலிக்கவில்லை, உடம்பு லேசாக இருக்கிறது, உங்கள் மெஷினுக்கு ஒரு கும்பிடு என்றாள். டிப்போவில் நான்கு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்தவள் குளிக்கப் போகவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே தரையில் உட்கார்ந்தாள். நேற்று வார்டுக்கு மூன்று பேர் வந்தார்கள், மூவரும் சுவர் வீட்டுக்காரர்கள் என்றாள். சுவர் வீடு என்றால் என்ன என்று கேட்டேன். கால்வாய்க் கரையிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு இலவசம், ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டின் ஒரு சுவரில் கம்பெனிக்காரன் தகடு பதிப்பான். அதைத் தொடக் கூடாது.

"யார் வீட்டுச் சூடோ வந்து இவங்க வீட்ல இறங்குதுங்க. வெளிய நாப்பத்தேழு, உள்ள அதுக்கும் மேல. ஒருத்தரு, முதுகு ஒடிஞ்சு ரெண்டு வருஷமா படுக்கையில இருக்கறவரு. எந்திரிச்சு வெளிய வர முடியல. நேத்து நல்லாத் தூங்குனதால என் கை நடுங்கவேயில்ல, ஒரே குத்துல நரம்பு கெடச்சுது. ஐஸ் வெச்சோம். இருந்தும் போயிட்டாரு."

அவளுக்குத் தெரியாது. புது மாதிரி கூலிங் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் தலைக்குப் பின்னால் திரையில் இருபத்து நாலு மணி நேரச் சோதனை முடிவதற்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் மெஷினை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டாள். ஒரு பாகம் சரியில்லை, எபியிடம் மாற்ற வேண்டும் என்று பொய் சொன்னேன்.

ஊரில் ஆயிரக்கணக்கான தகடுகள் இருக்கும், என்னுடையது எந்தக் கோடியிலோ என்று அன்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பினேனா என்றால் இல்லை. ஆனால் பெட்டியின் மேலிருந்த எண்ணை எபியிடம் கொண்டுபோய் இது எந்த இடம் என்று கேட்கவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டேன், இனி யாருக்கும் சூடு போகாது, அதோடு என் பங்கு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். கோழைக்கு நல்லவனாக இருப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. எழில் பழையபடி தூக்கமில்லாமல் புரண்டாள். நான் பழையபடி ஈரத்துண்டைப் பிழிந்து கொடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். எழில் கண்ணை மூடியபடியே கையை நீட்டி கேபினெட்டின் மேல் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"ஏங்க, இது சுடுதே. நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்க?"

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்கி அவளிடம் காட்டினேன். அதன் பிறகும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு மெல்ல ஆறியது. வெள்ளிக்கிழமையும் அதே பதினோரு மணிக்குத் தொடங்கி அதே நேரத்துக்கு ஆறியது. பிளக் தரையில் கிடந்தது. மின்சாரமே இல்லாத ஒரு பெட்டி தினம் ஒன்றரை மணி நேரம் சுட்டால், அதற்கு என்ன பாகம் மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எபியிடம் போனேன். கேட்டதும் அவன் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ஒருவழிப் பாதைன்னு கம்பெனிக்காரன் எழுதிப் போட்டிருக்கான் மச்சி. சூட்டுக்கு ஏதுடா ஒருவழி? இங்க வெச்சா அங்க போற மாதிரி, அங்க வெச்சா இங்க வரும். உன் ஜோடித் தகட்டுல யாரோ சூடு வெக்கிறாங்க."

எதற்காக வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. எண்ணைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். பிறகு, கடைசி நான்கு இலக்கத்தில் முதல் எண் பிளாக், மற்ற மூன்றும் கதவு எண் என்றான். என் பெயரை எங்கேயும் சொல்லிவிடாதே என்றும் சொன்னான். என்னுடையது ஏழு, முந்நூற்றுப் பதினான்கு.

ஞாயிறு எனக்கு வார விடுமுறை. அந்த அடுக்குமாடிக்குப் போகிற பஸ்ஸின் நேரத்தை வருஷக்கணக்கில் நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஏறிப் போனது அன்றுதான் முதல் தடவை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். ஏழாவது பிளாக்கின் மூன்றாவது மாடி நடையில் ஜனங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கதவிலும் ஈரச்சாக்கு தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. வீடுகளைச் சுவர்களுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் நடையில் குடியிருந்தார்கள். நடக்கும்போது ஒவ்வொரு வாசலிலிருந்தும் அடுப்பங்கரைச் சூடு முழங்காலில் அடித்தது. முந்நூற்றுப் பதினான்கின் வாசலில் மட்டும் அடிக்கவில்லை.

உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. அவள் சுவருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டில் பிடுங்கிக் கிடக்கும் பிளக்கும் எழில் கையை எடுத்துக்கொண்டதும் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன.

என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துப் புடவையால் மறைத்தாள். மணி பதினொன்று இருபது.

"வாங்க சார். கம்பெனிலேர்ந்தா?"

இல்லை என்று நான் சொல்லவில்லை.

"இப்பதான் சார் எறங்குச்சு. காலைலேர்ந்து நல்லா கொதிச்சுக்கினு இருந்துது. கை வெச்சு பாருங்க."

கை வைத்தேன். நடுவில் சூடாகவும் ஓரத்தில் ஜில்லென்றும் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். ஒன்பது நாளாகத் தகடு ஆறிக் கிடக்கிறது. பத்து நாள் தொடர்ந்து ஆறிக் கிடந்தால் அந்தச் சுவர் உதவாது என்று வீட்டை வரிசையில் இருக்கிற அடுத்த குடும்பத்துக்கு எழுதிவிடுவார்கள். தகட்டின் ஓரத்தில் சூடு காட்டும் சின்ன முள் அசைந்தால் அந்த நாள் தப்பும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் நான்கு நாளாகத் துணி தேய்த்து முடித்த கையோடு பெட்டியைச் சுவரில் வைத்துப் பிடிக்கிறாள்.

"நான் எங்க சார் போவேன்? கால்வாய்ல குடிசையும் இல்ல இப்ப. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் கூட இன்னும் ஆவல."

அறையின் மூலையில் ஒரு நாடாக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். யாருடையது என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். அவள் பெயர் அமுலு, புருஷன் பெயர் ஏகாம்பரம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், முதுகு ஒடிந்து படுத்துவிட்டார். அவர் போனபோது வீடு கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தகடு மாட்டி மூன்று நாள். அறையின் சூட்டை அளக்கிற ஒரு பொத்தானைச் சுவரில் காட்டினாள். அறை தாங்க முடியாத சூடானால் அந்தப் பொத்தான் தகட்டைத் தானாக நிறுத்திவிடும். நிறுத்தினால் அந்த நாள் கணக்கில் சேராது. ஆகவே எல்லா வீட்டிலும் பொத்தான் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அதை ஏமாற்றி வைத்திருப்பார்கள். இவளும் சுற்றியிருந்தாள். இதை எழுதிக்கொள்ளாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு வியாயக்கெயம. காலைல ஒம்போது மணிக்கு மொத மொதலா சூடு வந்துது சார். சந்தோசமா இருந்துது, பரவால்ல, நம்ம செவுரும் நல்ல செவுருதான்னு. கொஞ்ச நேரத்துல ரொம்ப ஏறுச்சு. எவ்ளோ வரும்னு எனக்கு இன்னா தெரியும்? இதான் அளவு போலன்னு நெனச்சேன். அனல்காத்து வருதுன்னு அவருதான் கதவ சாத்திட்டுப் போவ சொன்னாரு. துணி குடுத்துட்டு வரதுக்குள்ள…"

ஆஸ்பத்திரியில் வெயில் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றாள். வெயில்தானே சார் என்று என்னிடமே கேட்டாள்.

எனக்கு அது முதல் மெஷின், அவளுக்கு அது முதல் சுவர். எவ்வளவு என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் ஏற்றியது நான். இருபத்தொன்பதிலிருந்து முப்பது ஆனபோது நான் சிரித்த அந்த ஒரு டிகிரி, இங்கே கதவு சாத்திய அறையில் எத்தனை டிகிரியாக இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்வதற்காகத்தான் பஸ் ஏறினேன். சொன்னால் என்ன ஆகும்? என் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். என்னைக் கோபித்துக்கொண்டால் நாளை காலை அவள் சுவருக்கு யார் சூடு வைப்பார்கள்? அப்படி ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைலேர்ந்து சூடு வரும்" என்றேன்.

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். "புண்ணியமா போவும் சார். மெதுவா வந்தா போதும். காலைல பத்து மணிக்குள்ள வந்து போற மாதிரி சொல்லுவீங்களா? அதுக்கப்புறம் நான் உள்ள ஒக்காந்து துணி தேய்க்கணும்."

சொல்கிறேன் என்றேன். கிளம்பியவனை அவள் நிறுத்தினாள். பஸ் நெரிசலில் என் சட்டை கசங்கியிருந்தது. கழற்றிக் கொடுங்கள், இரண்டு நிமிஷத்தில் தேய்த்துத் தருகிறேன், கரி வீணாகத்தான் போகிறது என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் விடவில்லை. நிமிர்த்தி வைத்த கட்டிலுக்குப் பக்கத்தில் பனியனோடு நின்றேன். சுவரில் பிடித்த அதே பெட்டியால் அவள் தண்ணீர் தெளித்து, காலர் மடிப்புப் பார்த்து, கைக்கு மடிப்பு எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சூடான சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது எழில் விழித்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துணியை முதலில் சொன்னேன், நான் வரம்பை எடுத்ததைக் கடைசியில் சொன்னேன். அந்த வரிசையிலேயே என் லட்சணம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஏகாம்பரமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த கேபினெட்டைப் பார்த்தாள், அதன் மேல் அன்று வைத்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வார்டில் நோயாளிக்குக் குறிப்பு எழுதுகிற தாளை எடுத்து, டிரிப்ஸுக்குச் சொட்டுக் கணக்கு எழுதுவது போல எழுத ஆரம்பித்தாள். அறை எத்தனை அடி என்று கேட்டாள். ஜன்னல் உண்டா என்று கேட்டாள். எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதி, கீழே கோடு போட்டாள்.

"இதுக்கு மேல ஒரு சொட்டு போகக் கூடாது. வெளிய நாப்பத்தஞ்சு தாண்டுனா பாதி."

அந்தத் தாள் இப்போது கேபினெட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தினம் காலை ஆறரைக்கு மெஷினைப் போடுகிறேன். ஆட்டம் எதையும் அதில் ஏற்றவில்லை. அந்தச் சோதனை புரோகிராம்தான் ஓடுகிறது, மிகவும் மெதுவாக. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சுவர் வெதுவெதுப்பாகிறது, முள் அசைகிறது, ஒரு வீடு இன்னொரு நாளைக்கு ஒருத்திக்கு மிஞ்சுகிறது. ஒன்பதரைக்கு அணைத்துவிடுகிறேன்.

சொன்னபடி எபி நல்ல மெஷினாகத்தான் கொடுத்திருக்கிறான். சத்தம் என்பது மருந்துக்கும் இல்லை. கேபினெட் ஜில்லென்று இருக்கிறது. எழில் குளித்து, பாதி தோசையைத் தின்று, ஒன்பது மணிக்கு வந்து படுக்கிறாள். கையை மட்டும் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறாள். நேற்று ஒன்றரை மணிக்கு நான் டிப்போவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். அப்போதும் அவள் கண் திறந்தே இருந்தது.